அறுபதாவது ஆம்

என் அக்காவைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொன்னால் எனக்கு இப்போதும் சுள்ளென்று வருகிறது. "உங்க அக்கா மாதிரி நேர்மையான ஆளைப் பார்க்கவே முடியாதுங்க" என்று எதிர்வீட்டுக்காரர் போன வாரம் சொன்னார். "ஆமாங்க, பட்டது நான்தானே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மனுஷன் என்ன நினைத்துக்கொண்டாரோ தெரியாது. நினைத்துக்கொள்ளட்டும்.

அக்காவுக்கு நாடாளுமன்றத்தில் வேலை. உடனே பெரிய நாற்காலி, குளிர்சாதன அறை என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். அவள் வாக்கு எழுத்தர். ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தால் முதலில் எட்டு நிமிஷம் மணி அடிக்கும். மணி நின்றதும் கதவைப் பூட்டுவார்கள். பிறகு இவள் எழுந்து நின்று, ஒன்றாம் எண் உறுப்பினரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். அவர்கள் எழுந்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல வேண்டும். ஆம் என்றால் நீலப் பென்சிலால் ஒரு கோடு, இல்லை என்றால் சிவப்பு. இருபத்து மூன்று வருஷமாக இதுதான். அங்கே இருக்கிற சிப்பந்திகள் அவளுக்கு 'ஆஜரக்கா' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் அவளுக்குப் பட்டப்பெயரும் வைக்கவில்லை, ஏறெடுத்துப் பார்த்ததும் இல்லை. சுவர்க்கடிகாரத்தை யாராவது நலம் விசாரிப்பார்களா?

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. அந்த வருஷமே தட்டச்சராகச் சேர்ந்து என்னை வளர்த்தாள். பல வருஷம் கழித்து ஒருநாள், பெயர் கூப்பிடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கைக்கு அகப்பட்டவள் என்று இவளைப் பிடித்து நிறுத்தினார்கள். நன்றாகக் கூப்பிட்டாள், அப்படியே வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அவள் குரலைத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியும், அவள் சொத்து காதுதான். மாடிப்படியில் யாராவது செருமினால் எந்த வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடக் காலத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லித் தப்பித்ததில்லை. "பொய் சொல்லும்போது உனக்கு மூக்கடைக்குதுடி" என்பாள். பாவி, உண்மைதான்.

பிறகு அந்தத் தொற்று வந்தது. தெருவெல்லாம் வெறிச்சோடிப் போயிற்று. உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டம் போடுகிறவர்களின் உயிர் விலைமதிப்பற்றது என்று கண்டுபிடித்தார்கள். அவசரமாக ஒரு குழு போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து, தொலைபேசி வழி வாக்கெடுப்பு என்று ஒரு விதி எழுதினார்கள். உறுப்பினர் வீட்டில் இருக்கலாம். வாக்கு எழுத்தர் கட்டடத்துக்கு வந்து, ஒவ்வொரு உறுப்பினரையும் கூப்பிட வேண்டும். "நான் வீட்டிலிருந்தே கூப்பிடலாமா?" என்று அக்கா செயலாளரிடம் கேட்டிருக்கிறாள். "அது எப்படிம்மா? வாக்கெடுப்புக்குன்னு ஒரு புனிதம் இருக்கில்ல?" என்றாராம். புனிதம் என்றால் நூற்றுப் பத்தொன்பது பேர் லுங்கியோடு சோபாவில் கிடப்பது. என் அக்கா மட்டும் முகக்கவசத்தோடு வேன் ஏறி வருவது. கேட்டபோதே எனக்கு வயிறு எரிந்தது.

விதி இப்படி: மூன்றாம் எண் குழு அறையில் ஒரு மேஜை, ஸ்பீக்கர் போட்ட தொலைபேசி. ஆறடி தள்ளிக் கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர் சாட்சிக்கு. எல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும். உறுப்பினர் தன் எண்ணைச் சொல்லி, வாக்கைச் சொல்ல வேண்டும். பெயர்த்தாளில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். அதன் தலைப்பு 'குரல் உறுதி'. பேசுவது உறுப்பினர்தான் என்று வாக்கு எழுத்தர் குரலைக் கேட்டுத் திருப்திப்பட்டால் மட்டும் அதில் ஒரு டிக். டிக் இல்லையென்றால் வாக்கு இல்லை. கடைசியில் இன்னொரு முறை கூப்பிடலாம், அவ்வளவுதான். இதில் அவள் சொல்வதே முடிவு, சபாநாயகர்கூடக் கேள்வி கேட்க முடியாது. அவர்களுக்கு வேறு வழியில்லை. நூற்றுப் பத்தொன்பது குரலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவள்தான்.

முதல் வாக்கெடுப்பு பெரிய கூத்து. எண்பத்திரண்டாம் எண் உறுப்பினர் குளியலறையிலிருந்து பேசினார். தண்ணீர் விழுகிற சத்தம் நாடு முழுக்கக் கேட்டது. பதினாறாம் எண்காரர் தொலைபேசியை எடுத்துக்கொண்டே பேத்தியைப் பார்த்து, "இல்லை, இல்லை, தொடக்கூடாது" என்று அதட்டினார். அது வாக்கா, அதட்டலா என்று குழு இரண்டு மணிநேரம் விவாதித்தது. கடைசியில், 'என் வாக்கு' என்ற சொல்லோடு சேர்த்துச் சொன்னால்தான் செல்லும் என்று விதியைத் திருத்தினார்கள். இதற்கெல்லாம் உட்கார அவர்களுக்கு நேரம் இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, மருத்துவர்களின் அங்கி எல்லாம் எங்கள் கைவழியாகத்தான் போகும். தொற்று வந்த பிறகு விரிப்புகள் சிவப்புப் பையில் கட்டி வரும். பையைப் பிரிக்கவே பயமாக இருக்கும். பிரித்தோம். என் பக்கத்து இயந்திரக்காரிக்குத் தொற்று கண்டதும், மூன்றாம் மாடி மருத்துவர் எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு, "பதினாலு நாள் வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது" என்று கையெழுத்துப் போட்டுச் சீட்டுக் கொடுத்தார். வீட்டில் கிடந்தேன். பதினைந்தாம் நாள் போனால், முதல் மாடி அலுவலகத்தில் இன்னொரு சீட்டுக் கொடுத்தார்கள். பதினாலு நாள் வேலைக்கு வராததால் நீக்கமாம்!

ஒரே கட்டடம். ஒரே லிஃப்ட். மேல்மாடி வராதே என்கிறது, கீழ்மாடி ஏன் வரவில்லை என்கிறது. "ஐயா, உங்க டாக்டர்தானே போகச் சொன்னாரு?" என்று கேட்டேன். "அது மருத்துவம்மா, இது நிர்வாகம்" என்றான் அந்த ஆள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என்ன பிரயோஜனம்? அந்தப் பட்டியலில் நாற்பது பேர். சலவைக்காரிகள், வார்டு துடைப்பவர்கள், சமையற்கட்டு ஆட்கள். ஒரு மருத்துவர்கூடக் கிடையாது.

எங்களைப் போல ஊர் ஊருக்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கூச்சல் அதிகமாகி, கடைசியில் ஒரு மசோதா வந்தது. மருத்துவர் சொல்லி வீட்டில் இருந்தவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது. நீக்கியிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்குக்கூட வராத மசோதா. அது நிறைவேறினால் நான் மறுநாளே என் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பேன். விழுந்தால், நாற்பத்தைந்து வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்?

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். "நாளைக்கு என்னக்கா ஆகும்?"

"கூப்பிடுவேன், எழுதுவேன்."

"அது தெரியும். ஜெயிக்குமா?"

"பத்திரிகைல போட்டிருக்கானே, இழுபறின்னு. எனக்கு மட்டும் தனியாவா தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் பென்சில்களைச் சீவ உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனிக்கத்தான் செய்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நானும் என் மகளும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, நடுவில் கோடு போட்டு, அவள் 'ஆம்' பக்கம் குறித்தாள், நான் 'இல்லை' பக்கம். திரையில் அக்கா தெரிந்தாள்; முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும். எண்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஆம், ஆம், இல்லை, ஆம், இல்லை, இல்லை. ஒரு கட்டத்தில் இல்லை நாலு முந்திப் போயிற்று. "அம்மா, நீ மெதுவா எழுதும்மா" என்றாள் மகள், நான் மெதுவாக எழுதினால் அவர்கள் குறைவாகச் சொல்வார்கள் என்பது போல.

நாற்பத்தேழு வந்தது. அவரிடம் எங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பும் இல்லை. ஆஸ்பத்திரி முதலாளிகளின் ஆள் என்று ஊருக்கே தெரியும். நான் சிவப்புக்கோடு போடப் பேனாவைத் தூக்கிவிட்டேன். தொலைபேசி இரண்டு தடவை ஒலித்ததும் எடுத்தார்.

"வணக்கம்மா. நாற்பத்தேழு. என் வாக்கு ஆம்."

என் மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. திரையில் எதிர்க்கட்சி சாட்சி நாற்காலியில் நிமிர்ந்தார், ஆளும் கட்சி சாட்சி வாயைப் பிளந்தார். அக்கா அசையவில்லை. பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது.

"மறுபடி சொல்லுங்க" என்றாள்.

"வணக்கம்மா. நாற்பத்தேழு. என் வாக்கு ஆம்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "குரல் உறுதியாகவில்லை. கடைசியில் மீண்டும் அழைக்கப்படும்." அடுத்த நொடி நாற்பத்தெட்டைக் கூப்பிட்டாள், ஒன்றுமே நடக்காதது போல.

கடைசியில் மீண்டும் அழைத்தாள். தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நாற்பத்தேழு, வருகை இல்லை. ஆம் ஐம்பத்தொன்பது, இல்லை ஐம்பத்தொன்பது. சரிசமமாக நின்றால் மசோதா விழும், அதுதான் விதி. விழுந்தது. சபாநாயகர் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். என் மகள் அந்தக் காலண்டர் தாளைக் கசக்கி மூலையில் எறிந்தாள்.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். வழக்கம்போல வாசலிலேயே செருப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நான் குளியலறைக் கதவிலேயே மறித்துக்கொண்டேன்.

"நல்லா கழுவு. என் பொழப்பையும் சேர்த்துக் கழுவிவிட்டுட்டே."

"அது அவர் குரல் இல்ல."

"ஊருக்கெல்லாம் அவர் குரலாத்தான் கேட்டுது! அந்த ரெண்டு கட்சிக்காரங்களும் வாயைத் திறந்தாங்களா? உனக்கு மட்டும் என்ன அவ்வளவு பெரிய காது? அந்தக் கல் நெஞ்சுக்காரனுக்கே மனசு இரங்கிடுச்சு, கூடப் பிறந்த உனக்கு இரங்கலையே!"

"அது அவர் இல்லடி."

"யாரா இருந்தா உனக்கென்ன? ஆம்னு சொன்னான்ல? ஒரு டிக்! ஒரே ஒரு டிக் போட உனக்குக் கை வரலையா? என்னை வளர்த்தேன் வளர்த்தேன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே!"

அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். எதிர்த்துப் பேசியிருந்தால் என் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும். இந்த ஊமைக்கோட்டான் வேலைதான் எனக்கு ஆகவே ஆகாது.

அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நாற்பத்தேழு பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார்: யாரோ தன் தொலைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்களாம், ஜனநாயகத்தின் மீதே தாக்குதலாம். ஒரு வாரத்தில் அக்காவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. 'வாக்கெடுப்பின் மாண்பைக் காத்தமைக்காக' என்று தங்க எழுத்து வேறு. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது எனக்கு. "சட்டம் போட்டு மாட்டி வை, வர்றவங்க பார்க்கட்டும்" என்று மகளிடம் சொல்வது போல அக்கா காதில் விழச் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

அதோடு குரல் வாக்கெடுப்பையும் நிறுத்தினார்கள். இனிமேல் கைபேசியில் கட்டைவிரலை வைத்தால் போதுமாம், யார் குரலையும் யாரும் கேட்க வேண்டாமாம். அக்காவைக் காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். பாராட்டின கையோடு மூலையில் உட்காரவைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

பத்தாம் நாள் காலை. வாசல் கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் நின்றார். ஐம்பது வயது இருக்கும், கசங்கிய வெள்ளைச் சட்டை, முகக்கவசம். கேட்டைத் தொடாமல் நாலு அடி தள்ளியே நின்றார்.

"வணக்கம்மா. பேர் கூப்பிடற அம்மா வீடு இதுதானுங்களா?"

அக்கா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அந்த ஒரு வாக்கியத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து, எனக்குப் பின்னால் நின்றாள்.

"நீங்கதானா அது?" என்றாள்.

"நான்தாம்மா. நாற்பத்தேழோட டிரைவர். போன வாரம் வரைக்கும்."

அவர் நின்றபடியே சொன்னார், ஏதோ வண்டி ரிப்பேரைச் சொல்வது போல நிதானமாக. அன்று முதலாளி ஒரு தோட்ட பங்களாவில் விருந்துக்குப் போயிருக்கிறார். கூட்டம் கூடக்கூடாது என்று இவர்களே சட்டம் போட்ட காலம். உள்ளே எண்பது பேர். "போனை நீ வச்சுக்கோ. கூப்பிட்டா என்னை மாதிரி நம்பரைச் சொல்லி 'இல்லை'ன்னு சொல்லிடு" என்று காரில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பதினோரு வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்ட குரல். டிரைவர் அதே மாதிரி பேசுவார், முதலாளியின் மனைவியே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறார்.

"ஆனா என் சம்சாரம் ஆஸ்பத்திரில வார்டு துடைக்கிறவம்மா. வேலையை விட்டு நீக்கின அந்த நாற்பது பேர் லிஸ்ட்ல அவளும் இருக்கா" என்றார். "போன் கையில இருந்துச்சு. 'இல்லை'ன்னு சொல்ல வாய் வரலை. வாழ்க்கையில ஒரு தடவை, நான் சொன்னா அங்க கேட்டுக்குவாங்கன்னு இருந்துச்சு. சொல்லிட்டேன். நீங்க திருப்பிக் கேட்டதும் இன்னொரு தடவை சொல்லிட்டு, பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன்."

"அவரு என்ன பண்ணாரு?" என்று நான் கேட்டேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சாவியைப் பிடுங்கிக்கிட்டாரு. ஆள் மாறாட்டம் பண்ணதுக்கு இல்லம்மா, மாத்திச் சொன்னதுக்கு. வெளிய சொன்னா நான்தான் உள்ள போவேன், அது அவருக்கும் தெரியும்." பிறகு அக்காவைப் பார்த்தார். "சண்டை போட வரலம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். பத்து நாளா தூக்கம் இல்ல. குரல்ல நான் எங்க தப்பு பண்ணேன்?"

"குரல்ல தப்பே இல்லை" என்றாள் அக்கா. "வணக்கம் சொன்னீங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அந்த ஆளை இருபத்து மூணு வருஷமா கூப்பிடறேன். ஒரு நாள்கூட எனக்கு வணக்கம் சொன்னதில்லை."

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். முகக்கவசம் அசைந்தது, கண் நிறைந்துவிட்டது. "பழக்கம்மா. வாய் தானா சொல்லிடுது" என்று மட்டும் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டே தெருவில் நடந்து போனார்.

எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. எண்பது பேரோடு கொட்டமடித்துக்கொண்டிருந்தானே, அவனையா? மாடிக்கு ஒரு நியாயம் பேசுகிற ஆஸ்பத்திரியையா? அந்த அவையில் இத்தனை வருஷத்தில் எங்களுக்காக எங்களில் ஒருத்தர் சொன்ன ஒரே 'ஆம்', மரியாதை தெரிந்த வாயிலிருந்து வந்ததாலேயே செல்லாமல் போயிற்று! வாசலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை ஓங்கி உதைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் தடவையே தெரிஞ்சுதுடி" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டே. "விதிப்படி நான் ரெண்டாவது தடவை கேட்கவே கூடாது. கேட்டேன்."

"எதுக்கு?"

"அந்த வணக்கத்தை விட்டுட்டுச் சொல்லுவாரான்னு."

"விட்டிருந்தா?"

"டிக் போட்டிருப்பேன்." முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "பென்சிலைத் தூக்கிக்கிட்டே காத்திருந்தேன். அந்த மனுஷன் மறுபடியும் சொன்னாரு."

பத்து நாளைக்குப் பிறகு நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.